முகத்திரையும் அரசாணையும்

ஒரு பெண் தன் முகத்தை மூடவேண்டும் என்றோ திறக்கவேண்டும் என்றோ ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு உண்டா? இவ்வினா இன்று உலகின் பல சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் எழுப்பப்படுகிறது. பிரான்சு நாடு 2010இல் இயற்றிய தடைச் சட்டத்தைப் பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றின. மேற்கு நாடுகள் மட்டுமே இவ்வாறு செய்தன என்று எண்ணிவிடலாகாது. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் தஜிகிஸ்தானில் 2024ஆம் ஆண்டிலும், கஸகஸ்தானில் 2025ஆம் ஆண்டிலும் இவ்வகைச் சட்டங்கள் பிறந்தன. மறுபுறம், ஆப்கானிஸ்தானில் 2022ஆம் ஆண்டு மே மாதம் பெண்கள் முகத்தை மூடியே வெளிவரவேண்டும் என்று ஆணை பிறந்தது.

இவற்றை இக்காலத்துப் புதுமை என்று கருதுவோர் பலர். ஆனால் பெண்ணின் முகத்திரையைப் பற்றி அரசு ஆணையிடுவது மூவாயிரம் ஆண்டுப் பழக்கமாகும். அவ்வாணைகள் எதற்காகப் பிறந்தன, அவற்றால் விளைந்தது யாது, அவை எவ்வாறு முடிந்தன என்பனவற்றைக் காய்தல் உவத்தல் இன்றி ஆராய்ந்தால், இன்றைய வினாவுக்கு வரலாறே விடை தரும்.

சொல்லும் பொருளும்

விவாதங்களில் நான்கு அரபுச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்தறிதல் நலம். ‘கிமார்’ என்பது தலையை மூடும் துணி. ‘ஜில்பாப்’ என்பது உடல் முழுவதையும் போர்த்தும் மேலாடை. ‘நிகாப்’ என்பது கண்கள் மட்டும் தெரிய முகத்தை மறைக்கும் திரை. ‘ஹிஜாப்’ என்னும் சொல்லுக்கு அரபு மொழியில் தடுப்பு, மறைப்பு என்பதே வேர்ப்பொருள். திருக்குர்ஆனில் அது ஆடையின் பெயராக வரவில்லை. இன்று தலைத்துணியை ஹிஜாப் என்று வழங்குவது பிற்கால வழக்கு. தலைத்துணியைப் பற்றிய வாதத்தை முகத்திரையின்மீதும், முகத்திரையைப் பற்றிய வாதத்தைத் தலைத்துணியின்மீதும் ஏற்றிப் பேசுவதாலேயே பாதிக் குழப்பம் விளைகிறது. இக்கட்டுரை முகத்திரையைப் பற்றியது மட்டுமே.

திருமறையின் 24ஆம் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்துமாறு கட்டளையிடும்போது முதலில் ஆண்களையே விளிக்கிறது. அடுத்த வசனத்திலேதான் பெண்களை விளிக்கிறது. இவ்வரிசை கருதத்தக்கது. பெண்கள் தலைத்துணியை மார்பின்மீது இட்டுக்கொள்ளவேண்டும் என்றும், தம் அலங்காரத்தில் இயல்பாக வெளிப்படுவதைத் தவிர ஏனையவற்றை வெளிக்காட்டலாகாது என்றும் அவ்வசனம் பணிக்கிறது. இயல்பாக வெளிப்படுவது எது? முகமும் முன்கைகளும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைத் தொட்டு வரும் விளக்கம். மேலாடை மட்டுமே என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கம். ஜில்பாபைப் பற்றிய 33ஆம் அத்தியாய வசனத்துக்கோ, முகத்தை மூடுவதே அதன் கருத்து என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதாக மற்றொரு அறிவிப்பும் தப்ரீயின் விரிவுரையில் உண்டு. ஆகவே கருத்து வேறுபாடு நேற்று முளைத்ததன்று. முதல் தலைமுறையிலேயே வேர்கொண்டது.

நபிமொழித் தொகுப்புகளிலும் இரு தரப்புக்கும் சான்றுகள் உள்ளன. பருவமெய்திய பெண்ணுக்கு முகமும் கைகளும் தவிர வேறெதுவும் தெரியலாகாது என்னும் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியை இமாம் அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துவிட்டு, அதன் அறிவிப்பாளர் தொடர் அறுபட்டது என்று தாமே குறித்திருக்கிறார். இஹ்ராம் நிலையில் பெண் நிகாப் அணியலாகாது என்னும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்போ புகாரியில் இருக்கிறது. இவ்வொரு செய்தியையே இரு சாராரும் தத்தம் பக்கம் இழுப்பர். இஹ்ராமில் விலக்கப்பட்டதாலேயே மற்ற வேளைகளில் அது வழக்கில் இருந்தது தெரிகிறது என்பர் ஒரு சாரார். முகம் மறைத்தேயாகவேண்டிய உறுப்பாயின், பல்லாயிரவர் கூடும் ஹஜ்ஜில் அதைத் திறக்கச் சொல்வானேன் என்பர் மறு சாரார்.

மத்ஹபுகளின் இமாம்களும் இவ்வாறே பிரிந்து நின்றனர். ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகளின் மூலக் கருத்தில் முகம் மறைக்கவேண்டிய உறுப்பன்று. பிற்காலத்தோர் குழப்பத்துக்கு அஞ்சி மூடச் சொன்னார்கள். நம் கடலோர ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், தொழுகையில் முகம் திறந்திருக்கும். அந்நிய ஆடவர்முன் மூடுவதே முறை என்று பிற்கால அறிஞர் பலர் தீர்ப்பளித்தனர். இருபதாம் நூற்றாண்டிலும் மௌலானா மௌதூதி ‘பர்தா’ என்னும் உருது நூலில் முகத்திரையை வலியுறுத்த, ஷைகு நாஸிருத்தீன் அல்பானி அது சிறந்ததே தவிரக் கடமையன்று என்று நூலெழுதினார். இவர்கள் இருவருமே மேற்கு நாகரிகத்துக்கு மயங்கியவர்கள் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முகத்திரை இஸ்லாத்தில் இல்லவே இல்லை என்று கூறும் அரசியலார் கூற்று அறியாமை. முகம் திறந்தவள் மார்க்கத்தை விட்டவள் என்று கூறுவதும் அறியாமையே.

முதற் சட்டம்

முகத்திரையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சட்டம் இஸ்லாத்துக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் முந்தியது. அஷூர் நகரின் இடிபாடுகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட அசீரியக் களிமண் பலகைகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. மணமான பெண்களும் பிரபுக்களின் மகளிரும் தெருவில் திரையின்றிச் செல்லலாகாது. விலைமகளும் அடிமைப் பெண்ணும் திரை அணியலாகாது என்பது அச்சட்டம். திரையிட்ட விலைமகளுக்கு ஐம்பது அடிகள். அவள் தலையில் கீல் ஊற்றப்படும். திரையிட்ட அடிமைப் பெண்ணின் காதுகள் அறுக்கப்படும். அவ்வாறு அணிந்தவளைக் கண்டும் அரண்மனையில் அறிவிக்காத ஆடவனுக்கும் ஐம்பது அடிகள்.

ஒரே சட்டம் ஒருத்தியை மூடச் சொல்லிற்று. மற்றொருத்தியைத் திறக்கச் சொல்லிற்று. அச்சட்டம் எழுதியோரின் கவலை பெண்ணின் கற்பும் அன்று, மானமும் அன்று. எந்தப் பெண் எந்த ஆடவனுக்கு உரியவள் என்பதைத் தெருவில் நின்ற கண்களுக்கு அறிவிக்க அவர்கள் விரும்பினர். அரசு பெண்ணின் திரையைத் தொட்ட முதல் நாளிலேயே, அவள் விருப்பம் கேட்கப்படவில்லை என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

கிரானடாவின் கதை

முஸ்லிம் பெண்டிரின் முகத்திரையைக் குறிவைத்து ஐரோப்பாவில் எழுந்த ஆணையை அறிய 2010க்கு வரவேண்டுவதில்லை; 1567க்குச் செல்லவேண்டும். 1492இல் கிரானடா வீழ்ந்தது. சமயத்தில் தலையிடுவதில்லை என்று எழுதித் தந்த உடன்படிக்கை பத்தாண்டுகளும் நிலைக்கவில்லை. முஸ்லிம்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்று ‘மொரிஸ்கோக்கள்’ ஆயினர். 1526இல் அரபு மொழியையும் உடையையும் விலக்கும் ஆணை வந்தது. மொரிஸ்கோக்கள் பெருந்தொகை செலுத்தி அதை நாற்பதாண்டுகள் தள்ளிவைத்தனர். தவணை தீர்ந்ததும் இரண்டாம் பிலிப்பு மன்னனின் ஆணை 1567 ஜனவரி முதல் நாள் கிரானடாவில் பறையறிவிக்கப்பட்டது. அரபு பேசலாகாது, அரபு நூல் வைத்திருக்கலாகாது, பழைய உடையை அணியலாகாது, பெண்கள் முகத்தைத் திறந்தே நடமாடவேண்டும்.

அப்போது பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலெய் என்னும் முதிய மொரிஸ்கோ தலைவர் கிரானடா நீதிமன்றத் தலைவர் பெத்ரோ தெ தெஸாவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அது இன்றும் கிடைக்கிறது. சமய வாதம் எதையும் அவர் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் விசாரணை மன்றம் அவரை விட்டிராது. எங்கள் உடை சமயச் சின்னமன்று, ஊர் வழக்கு என்றார். ஏழைப் பெண்கள் புதிய உடைக்குப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார். கிறிஸ்தவப் பெண்களும் முகத்தை மறைத்துச் செல்கின்றனரே என்று சுட்டினார். நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் எழுப்பப்பட்ட வாதங்கள் பல அந்த முதியவரின் ஏடுகளில் முன்னரே இடம் பெற்றுள்ளன.

விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1568 டிசம்பரில் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. ஈராண்டுகளுக்கு மேல் நடந்த அப்போரில் இரு பக்கமும் கொடுமைகள் நிகழ்ந்தன. இறுதியில் கிரானடா மொரிஸ்கோக்கள் பல்லாயிரவர் காஸ்தீல் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயின் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். முகத்திரை ஒன்றே இப்பேரழிவுக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆனால் மொழி, நூல், உடை, திரை என்று ஒரு மக்களின் வாழ்வை ஒவ்வொன்றாகக் குற்றமாக்கும் பாதை எங்கே சென்று முடியும் என்பதற்குக் கிரானடா சான்று.

இக்கதைக்கு ஒரு வியப்பான பின்குறிப்பும் உண்டு. மொரிஸ்கோக்களின் திரையை விலக்கிய அதே ஸ்பெயினில், பழங்குடிக் கிறிஸ்தவப் பெண்கள் ஒற்றைக்கண் தெரிய முகத்தை மூடும் வழக்கத்தை விரும்பி மேற்கொண்டனர். ‘தபாதாக்கள்’ எனப்பட்ட அப்பெண்களுக்கு எதிராக 1590இலும் 1639இலும் அரசாணைகள் வெளிவந்தன. ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்க நேர்ந்ததே அது பலிக்கவில்லை என்பதற்குச் சான்று. கடல் கடந்து பெருநாட்டின் லிமா நகரில் அவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

சட்டமின்றி விலகிய திரை

இனி எகிப்தைக் காண்போம். 1899இல் காசிம் அமீன் பெண் விடுதலையைப் பற்றி நூலெழுதியபோது, எதிர்த்தும் ஆதரித்தும் நூல்கள் பல வெளிவந்தன. அக்காலத்தில் எகிப்தை ஆட்டுவித்த ஆங்கிலேயப் பிரதிநிதி குரோமர் பிரபு, இஸ்லாம் பெண்ணை இழிவுபடுத்துவதற்குத் திரையையே சான்றாகக் காட்டினார். அவரே இங்கிலாந்து திரும்பியபின், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்க்கும் ஆடவர் சங்கத்தின் தலைவரானார்! அயலான் வீட்டுப் பெண்ணின் விடுதலையில் காட்டிய ஆர்வத்தைத் தன் வீட்டுப் பெண்ணின் உரிமையில் அவர் காட்டவில்லை. முகத்திரைத் தடைக்குக் குரல் கொடுப்போர் அனைவரையும் குரோமரோடு ஒப்பிடுவது நீதியன்று. ஆயினும் பெண்ணுக்காகப் பேசுகிறோம் என்று வருவோரை, வேறெங்கே எப்போது பெண்ணுக்காகப் பேசினீர்கள் என்று கேட்கும் உரிமையை அவர் வரலாறு நமக்கு வழங்குகிறது.

1923இல் ரோமாபுரி மாநாட்டிலிருந்து திரும்பிய ஹுதா ஷஃராவி அம்மையார் கெய்ரோ புகைவண்டி நிலையத்தில் தம் முகத்திரையை விலக்கினார், தலைத்துணியை விலக்கவில்லை. அரசு ஆணையிடவில்லை, காவலர் வரவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் எகிப்து நகரங்களில் முகத்திரை பெரும்பாலும் மறைந்தது. பின்னர் 1970களில் சிலர் தாமே விரும்பி அதை மீண்டும் பூண்டனர். அம்மையார் செய்தது சரியா தவறா என்பதில் நம்மிடையே இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் திரையைக் களைந்தவளும் பின்னர் அணிந்தவளும் தானே முடிவெடுத்தாள் என்பதில் இரு கருத்து இல்லை.

ஆணையால் களைந்த இரு நாடுகள்

எகிப்துக்கு நேர்மாறானவை சோவியத் உஸ்பெகிஸ்தானும் ஈரானும். உஸ்பெக் பெண்கள் ‘பரஞ்சி’ என்னும் மேலங்கியும், குதிரை மயிரால் நெய்த முகத்திரையும் அணிந்தனர். 1927 மார்ச் 8ஆம் நாள் பொதுவுடைமைக் கட்சி அங்கே திரை களையும் இயக்கத்தைத் தொடங்கிற்று. அதன் பெயர் ‘ஹுஜூம்’. அரபு அறிந்தவர்க்கு அச்சொல்லின் பொருள் தெரியும்: தாக்குதல். பெயரிலேயே அதன் இயல்பு விளங்கிற்று. சதுக்கங்களில் திரைகள் குவித்து எரிக்கப்பட்டன. மறுநாளே பலர் மீண்டும் அணிந்துகொண்டனர். கட்சியின் உள்ளூர் ஊழியர் பலர் தம் மனைவியரைத் திரையோடே வைத்திருந்தனர். துயரம் யாதெனில், அரசின்மீது கொண்ட சினத்தை ஆடவர்கள் அப்பெண்களின்மீது காட்டினர். 1927க்கும் 1929க்கும் இடையில் இரண்டாயிரம் பெண்களளவில் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களில் பலரைக் கொன்றவர்கள் சொந்தக் கணவரும் உடன்பிறந்தாரும் உறவினருமே. இக்கொலைகளைச் சமயப்பற்று என்று பூசி மெழுகுவது பெரும்பாவம். அவ்வாறே, பெண்களைக் கேடயமின்றி முன்னே தள்ளிய அரசும் பழியிலிருந்து தப்பாது.

ஈரானில் ரிஸா ஷா 1936 ஜனவரி 8ஆம் நாள் தெஹ்ரான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விழாவுக்கு அரசியையும் மகள்களையும் திரையின்றி அழைத்து வந்தார். அன்றுமுதல் சாதர் தடை செய்யப்பட்டது. முகத்திரை மட்டுமன்று, தலைத்துணியும் சேர்த்தே. காவலர்கள் தெருவில் பெண்களின் சாதரைப் பறித்தனர், கிழித்தனர். பொதுக் குளியல் கூடத்துக்கும் செல்ல அஞ்சிப் பெண்கள் பலர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். சில தந்தையர் மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். பெண்ணை வெளியே கொணர வந்த சட்டம் அவளை உள்ளே பூட்டிற்று. 1941இல் ஷா முடிதுறந்ததும் ஆணை செயலிழந்தது. சாதர்கள் மீண்டும் தெருவில் தோன்றின.

கதை அங்கே முடியவில்லை. 1979 புரட்சிக்குப் பின் எதிர்த்திசையில் ஆணை வந்தது. 1983 சட்டம் தலை மூடாத பெண்ணுக்கு 74 கசையடி வரை தண்டனை விதித்தது. 2022 செப்டம்பரில் ஆடை ஒழுங்குக் காவலரிடம் அகப்பட்ட இளம்பெண் ஒருவர் காவலில் உயிரிழந்தார், நாடே கொந்தளித்தது. ஒரே தெஹ்ரான் நகரில், ஒரு பாட்டியின் துணி அணிந்ததற்காகப் பறிக்கப்பட்டது. பேத்தி அணியாததற்காகப் பிடிக்கப்பட்டாள். ஆட்சியாளர் மாறினர், கைகள் நீண்ட இடம் மாறவில்லை.

அல்ஜியர்ஸ் மேடை

பிரான்சின் இன்றைய சட்டத்தை அல்ஜீரியாவை மறந்துவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது. 1830 முதல் 1962 வரை அந்நாட்டைப் பிரான்சு ஆண்டது. விடுதலைப் போர் நடந்த 1958 மே மாதம், அல்ஜியர்ஸ் சதுக்கத்தில் மேடையமைத்து அல்ஜீரியப் பெண்களின் ‘ஹாயிக்’ என்னும் வெண்திரையைப் பலரறியக் களையச் செய்தனர். ப்ளீதா மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பிரான்ஸ் ஃபானோன் 1959இல் வெளிவந்த நூலில் இதை ஆராய்ந்தார். ஆண்டவன் திரையைக் களைய முற்படும்வரை அது வெறும் வழக்கமாக இருந்தது. முற்பட்டபின் அது எதிர்ப்பின் கொடியாயிற்று என்பது அவர் கண்ட உண்மை. 1956இல் அல்ஜியர்ஸ் உணவகங்களில் வெடிகுண்டு வைத்த பெண்கள் ஐரோப்பிய உடையில் முகம் திறந்தே சென்றனர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். அப்பாவிகளைக் கொன்ற அச்செயலை நாம் போற்றவில்லை. ஆபத்து திரைக்குள்தான் இருக்கும் என்னும் கணக்கு அன்றே பொய்த்தது என்பதற்காகவே குறிக்கிறோம்.

பாரிஸின் சட்டம்

2009இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம், நாடு முழுவதிலும் நிகாப் அணிவோர் ஏறத்தாழ 1,900 பேர் என்று மதிப்பிட்டது. 2010 மார்ச்சில் அந்நாட்டின் அரசவை மன்றம், முழுத் தடைக்கு ஐயமற்ற சட்ட அடிப்படை இல்லை என்று அரசுக்கு அறிவுரை கூறிற்று. ஆயினும் 2010 அக்டோபர் 11ஆம் நாள் சட்டம் கையொப்பமாகி, 2011 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. முகத்தை மூடினால் 150 யூரோ வரை தண்டம். வற்புறுத்தி மூடச் செய்தவனுக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ தண்டமும்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றது. 2014 ஜூலை முதல் நாள் வந்த தீர்ப்பை ஊன்றிப் பயிலவேண்டும். பொதுப் பாதுகாப்புக்காக எங்கும் எப்போதும் தடை என்பது அளவுக்கு மீறியது என்றது நீதிமன்றம். ஆண் பெண் சமத்துவத்தின் பெயரால், ஒரு பெண் தானே விரும்பிச் செய்வதை விலக்க இயலாது என்றது. மனித கண்ணியம் என்னும் வாதத்தையும் ஏற்கவில்லை. அரசியலார் மேடைகளில் முழங்கிய மூன்று வாதங்களும் இவ்வாறு வீழ்ந்தன. எஞ்சியது ஒன்றே: சமுதாயத்தில் ‘கூடி வாழ்தல்’. முகம் பார்த்துப் பழகுவது அதற்கு இன்றியமையாதது என்று ஒரு நாடு கருதினால் அதை மதிக்கலாம் என்று 15 நீதிபதிகள் சட்டத்தை நிலைநிறுத்தினர், இருவர் மறுத்தனர். 2018இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவ்விருவர் பக்கம் சாய்ந்தது. இச்சட்டம் சமய உரிமையை மீறுவதாகவும் பாகுபாடு காட்டுவதாகவும் முடிவு கூறிற்று.

‘கூடி வாழ்தல்’ என்னும் வாதத்தை எள்ளி நகையாடுவது தகாது. அண்டை வீட்டாரின் முகமறிந்து ஸலாம் சொல்வதும் நலம் விசாரிப்பதும் நம் நெறியன்றோ! முகமறியாத ஒருவரோடு பழகுவதில் ஓர் அந்நியம் உண்டு என்று பிரெஞ்சுக்காரர் உணர்ந்தால், அவ்வுணர்வு பொய்யன்று. ஆனால் கூடி வாழ்வதற்காக ஒருத்தியைத் தண்டம் விதித்துத் தெருவிலிருந்து விரட்டுவது எவ்வகைக் கூடல்? தடைக்குப்பின் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டதாக நிகாப் அணிந்த பெண்கள் பலர் ஆய்வாளரிடம் கூறியுள்ளனர். சட்டம் வந்தபிறகே வீம்புக்காக அதைப் பூண்டவர்களும் உண்டு. தெஹ்ரானிலும் அல்ஜியர்ஸிலும் கண்டவையே பாரிஸிலும் நிகழ்ந்தன. 2020இல் பெருந்தொற்று பரவியபோது அதே பிரான்சு பேருந்திலும் கடையிலும் மூக்கையும் வாயையும் மூடாதவர்க்குத் தண்டம் விதித்தது. முகம் மூடியவரோடும் கூடி வாழ இயலும் என்று அவ்வாண்டு காட்டிற்று.

சுவிட்சர்லாந்தில் 2021 மார்ச் 7ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பில் 51.2 விழுக்காட்டினர் தடைக்கு ஆதரவளித்தனர். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. அங்கே நிகாப் அணிவோர் சில பத்துப் பேரே என்று பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டிருந்தது. சில பத்துப் பேருக்காக அரசியல் சாசனத்தையே திருத்தினர் என்றால், நோக்கம் அச்சிலரின் முகமா, ஏனைய இலட்சக்கணக்கான முஸ்லிம்களுக்கு விடுக்கும் செய்தியா என்று ஐயுறாதிருப்பது கடினம்.

அச்சமும் அடையாளமும்

இனி எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை மறைக்காமல் எடுத்துரைப்போம். 2015இல் சாடு நாட்டின் தலைநகரிலும் கேமரூனின் வடகோடியிலும் போகோ ஹராம் கொலையாளிகள் உடல் முழுதும் மூடும் ஆடைக்குள் வெடிகுண்டை மறைத்து வந்து அப்பாவிகளைக் கொன்றனர். இரு நாடுகளும் முகத்திரையைத் தடை செய்தன. சாடு முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே எழுந்த அச்சம் கற்பனையன்று. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அதனினும் மேலாக ஓர் ஆடையை வைக்க எந்த ஃபகீஹும் துணியமாட்டார்.

நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது இலங்கையில். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி நடந்த அக்கொடுமைக்கு நாணாத முஸ்லிம் உள்ளம் இருக்க இயலாது. ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின்கீழ் முகத்திரை தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னரே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, பாதுகாப்புக்கு ஒத்துழைத்து முகத்திரையைத் தவிர்க்குமாறு பெண்களைக் கேட்டுக்கொண்டது. ஆகஸ்டில் அவசரகாலம் முடிந்ததும் அத்தடையும் முடிந்தது. 2021இல் நிலையான தடைக்கு அமைச்சரவை இசைந்தும், அது சட்டமாகவில்லை. தேவாலயங்களுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் நுழைந்த கொலையாளிகள் முகம் திறந்த ஆடவர்கள் என்பதை மறக்கலாகாது. எனினும், ஊர் துக்கத்தில் இருக்கையில் அண்டை வீட்டாரின் அச்சம் தணிய உலமாக்கள் தாமே முன்வந்தது ஹிக்மத் நிறைந்த செயல். குறித்த ஆபத்துக்குக் குறித்த காலத் தடை வேறு. எக்காலத்துக்கும் எல்லாத் தெருவுக்கும் தடை வேறு.

அடையாளம் காட்டும் கடமையைப் பொறுத்தவரை நம் ஃபிக்ஹு நூல்கள் என்றோ வழி காட்டிவிட்டன. கொடுக்கல் வாங்கல், சாட்சியம், கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்காக முகத்தைப் பார்ப்பது ஆகும் என்று இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் வகுத்துள்ளார்கள். முகத்திரையை வலியுறுத்திய இமாமே இவ்விலக்கையும் அளித்தார்கள் என்பது கருதத்தக்கது. வாக்காளர் பட்டியலில் பர்தா அணியும் பெண்களின் நிழற்படம் இடம்பெறலாகாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. அத்தீர்ப்பு நவவீ இமாமின் விதிக்கு முரணன்று. வங்கியில், விமான நிலையத்தில், நீதிமன்றத்தில், தேர்வுக் கூடத்தில் முகத்தைக் காட்டக் கேட்பது நியாயம்; ஒரு பெண் அலுவலரைக் கொண்டு கேட்பது நாகரிகம். இவ்வளவோடு அரசின் தேவை தீர்ந்துவிடுகிறது. சந்தைக்குச் செல்பவளின் முகம் அரசுக்கு எதற்கு?

நம் பொறுப்பு

பிறர் தடைகளைக் கண்டிக்கும் நாவு, நம்மவர் வற்புறுத்தலைக் கண்டிக்கத் தயங்குமாயின் அது நீதியன்று. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் திருமறைக் கட்டளையைப் பாரிஸுக்கு எடுத்துக் காட்டுவோர், காபூலுக்கும் எடுத்துக் காட்டவேண்டும். தந்தையின் அடிக்கு அஞ்சி மூடுபவளுக்கும், காவலரின் தண்டத்துக்கு அஞ்சித் திறப்பவளுக்கும் வேறுபாடு யாது? இருவரிடத்தும் நிய்யத் இல்லை; நிய்யத் இல்லாத இடத்தில் இபாதத்தும் இல்லை. தன்னை வற்புறுத்துவோரிடமிருந்து காக்குமாறு ஒரு பெண் கேட்டால், அவளைக் காப்பது அரசின் கடமை, நம் கடமையுங்கூட. அதற்கு வற்புறுத்துபவனைத் தண்டிக்கும் சட்டம் போதும். அவளையே தண்டிக்கும் சட்டம் எதற்கு?

நம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திச் சென்றனர். இன்று பேத்தியர் பலர் கறுப்புப் புர்கா அணிகின்றனர். சிலர் முகத்தை மூடுகின்றனர், பலர் திறந்துள்ளனர். இம்மாற்றங்கள் அரசாணையால் வந்தவை அல்ல. நம்மிடையே அறிவுரைக்கு இடமுண்டு, விவாதத்துக்கு இடமுண்டு. ஏச்சுக்கும் இழிவுக்கும் இடமில்லை.

அசீரியாவின் களிமண் பலகை முதல் சுவிட்சர்லாந்தின் சாசனம் வரை நாம் கண்ட ஆணைகள் திறக்கச் சொன்னவையும் உண்டு, மூடச் சொன்னவையும் உண்டு. எகிப்தைப் போல் பெண் தானே தீர்மானித்த இடத்தில் இரத்தம் சிந்தவில்லை. அரசு தீர்மானித்த இடங்களில் வீட்டுச் சிறையோ, கிளர்ச்சியோ, கொலையோ, நாடு கடத்தலோ விளைந்தது. ஆகவே நாடுகள் முகத்திரையைத் தடை செய்யலாமா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. அடையாளம் காட்டவேண்டிய இடத்தில் காட்டுமாறு கேட்கலாம். ஆபத்து நேர்ந்த காலத்தில் அளவோடு கட்டுப்படுத்தலாம். அதற்கு அப்பால் அவள் முகம் அவளுடையது. ஆண்களாகிய நமக்குத் திருமறை இட்ட முதற்கட்டளை நம் பார்வையைத் தாழ்த்துவதே. அக்கட்டளையை நாம் நிறைவேற்றிவிட்டோமா என்னும் கணக்கை முதலில் பார்ப்போமாக!